எஃகு பட்ட கடன்



ஒரு வீட்டிற்குள் நுழைந்து அங்குள்ள இரும்புப் பொருள்களை எண்ணத் தொடங்கினால் எளிதில் முடியாது. அடுக்களையில் அரிவாள்மணை, தோசைக்கல், இடுக்கி, தையற்பெட்டியில் ஊசி, கத்தரிக்கோல், கதவில் பூட்டு, கீல், தாழ்ப்பாள், சுவரில் ஆணி, கூரைத் தளத்தினுள் கம்பி. இவற்றுள் பலவும் எஃகினால் ஆனவை. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் எஃகு என்பது வாளுக்கும், கத்திக்கும், கடிகாரச் சுருளுக்கும் மட்டுமே கட்டுப்படியாகிய அரும்பொருளாய் இருந்தது. எஃகினால் தண்டவாளம் செய்யலாம் என்று அன்று எவரேனும் கூறியிருந்தால், வெள்ளியினால் வாய்க்கால் கட்டலாம் என்று சொன்னவரைப் போலவே அவரைப் பார்த்திருப்பர்.

1850ஆம் ஆண்டளவில், உலகின் தொழிற்சாலை எனப் பெயர் பெற்றிருந்த பிரிட்டனிலேயே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 டன் எஃகுதான் உற்பத்தியாயிற்று. 1900ஆம் ஆண்டில் அதே நாடு ஏறத்தாழ 50 லட்சம் டன் எஃகு செய்தது. இந்த மாற்றம் எவரால் வந்தது என்று கேட்டால், பாடநூல்கள் ஹென்றி பெஸ்ஸமர் என்ற ஒரே பெயரைச் சொல்லி நிறுத்திவிடும். அந்தப் பெயர் தவறன்று. ஆனால் அது போதாது. அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் வேறு சிலரை இத்திங்கள் நாம் சந்திப்போம். எஃகு யார் யாருக்குக் கடன்பட்டது, அந்தக் கடன் தீர்க்கப்பட்டதா என்பதே நம் கேள்வி.

ஒரே இரும்பு, மூன்று குணம்

முதலில் ஒரு சிறு விளக்கம் வேண்டும். இரும்பில் கரிச்சத்து எவ்வளவு கலந்திருக்கிறதோ அதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது. ஊதுலையிலிருந்து உருகி வரும் வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கரி உண்டு. அதை அச்சில் வார்க்கலாம். ஆனால் சம்மட்டியால் அடித்தால் உடையும். கரியை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டால் கிடைப்பது தேனிரும்பு. அது வளையும், அடித்தால் நீளும். ஆனால் மென்மையானது, விரைவில் தேயும். இவ்விரண்டிற்கும் இடையில், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிற்குள் அளவாகக் கரி நிற்குமானால் அதுவே எஃகு. உறுதியும் உண்டு, வளைந்து கொடுக்கும் தன்மையும் உண்டு.

இந்த அளவைப் பிடிப்பதுதான் அரிது. கறியில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் சுவை கெடுவது போல, கரி கூடினாலும் குறைந்தாலும் எஃகு கெடும். அடுக்களையில் நாவு அளவைச் சொல்லிவிடுகிறது; கொதிக்கும் உலைக்குள் அளவு பார்க்க அக்காலத்தாரிடம் கண்ணைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை.

கிளறியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தேனிரும்பின் காலம். வார்ப்பிரும்பைத் தேனிரும்பாக்கும் வழியை 1784இல் காப்புரிமை பெற்று உலகிற்கு அளித்தவர் ஹென்றி கோர்ட் என்ற ஆங்கிலேயர். நிலக்கரியின் சுவாலை மட்டும் மேலே படும்படி அமைத்த ஓர் உலையில் இரும்பை உருக்கி, நீண்ட கம்பியால் கிளறிக் கொண்டேயிருப்பர். கரி எரிந்து நீங்க நீங்க இரும்பு களியைப் போல் இறுகும். அதைப் பந்தாகத் திரட்டி வெளியே இழுத்துச் சம்மட்டிக்குக் கொடுப்பர்.

இதைச் செய்ய இயந்திரம் கிடையாது. முழுவதும் மனிதனின் தோள்வலிமை. ஒரு தடவைக்கு ஏறத்தாழ 200 கிலோ இரும்பு. ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தடவை. பன்னிரண்டு மணி நேரம் உலைவாயின் முன் நிற்க வேண்டும். இரும்பு எந்தக் கணத்தில் பக்குவம் அடைந்தது என்பதை அந்தத் தொழிலாளியின் கண்ணும், கம்பியின் வழியே கைக்கு வரும் உணர்வும்தான் அறியும். இவ்வளவு நுட்பம் படைத்த கைகள், அனலாலும் உழைப்பாலும் இளமையிலேயே தளர்ந்தன. பிரிட்டனின் முதல் இருப்புப்பாதைகளும், பாலங்களும், கப்பல்களும் இவர்கள் கிளறிய இரும்பினால் ஆனவை. அவர்களுள் எவருடைய பெயரும் எந்தப் பாலத்திலும் பொறிக்கப்படவில்லை.

கோர்ட்டுக்கும் நல்ல முடிவு வாய்க்கவில்லை. அவருடைய கூட்டாளியின் தந்தை கடற்படைப் பணத்தில் கைவைத்தவர் என்பது பின்னர் வெளியாயிற்று. அந்தப் பணம் கோர்ட்டின் தொழிலில் முதலீடாக வந்திருந்தது. கடனுக்காக அவருடைய காப்புரிமை பறிமுதலாயிற்று; ஆலையதிபர்கள் உரிமைத்தொகை செலுத்தாமலேயே அவருடைய முறையைக் கையாண்டு செல்வம் சேர்த்தனர். ஒரு சிறு ஓய்வூதியத்தோடு 1800இல் கோர்ட் ஏழையாக இறந்தார்.

1828இல் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் நீல்சன் வேறொரு முன்னேற்றம் கண்டார். உலைக்குள் குளிர்ந்த காற்றை ஊதுவதற்குப் பதிலாகச் சூடேற்றிய காற்றை ஊதினார். ஸ்காத்துலாந்தில் ஒரு டன் வார்ப்பிரும்புக்கு எட்டு டன் நிலக்கரி செலவான இடத்தில், சில ஆண்டுகளுக்குள் மூன்று டன்னுக்கும் குறைவாகவே போதுமாயிற்று. இரும்பு மலிந்தது. ஆனால் எஃகு இன்னும் மலியவில்லை. ஷெஃபீல்டு நகரில் சிறு சிறு மண் மூசைகளில், சுவீடனிலிருந்து வரவழைத்த விலையுயர்ந்த இரும்பை உருக்கியே எஃகு செய்துவந்தனர்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷெஃபீல்டுக்கு

எஃகின் இந்த வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஓரிடம் உண்டு. சேலம் மாவட்டத்துக் கொல்லர்கள் மூசையில் எஃகு செய்யும் கலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங் கட்டையை மூசைக்குள் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து விடுவர். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கி, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதுவர். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி எஃகாகும்.

இதைக் கண்ணால் கண்டு 1839இல் ஆங்கிலத்தில் எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலர்களுள் ஒருவர். இந்நாட்டு இரும்பின் மேல் கொண்ட ஈடுபாட்டினால் அலுவலைத் துறந்து, 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறையில் ஓர் இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் காந்தக் கற்கள் காவிரி, கொள்ளிடம் வழியாக அங்கே வந்து சேர்ந்தன. கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. இரும்பு நன்றாக இருந்தது. கணக்குத்தான் நன்றாக இருக்கவில்லை. கரியும் போக்குவரத்தும் வருவாயை விழுங்கின. ஹீத் தம் செல்வத்தை இழந்து இங்கிலாந்து திரும்பினார். அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் தட்டுத் தடுமாறி நடந்த அந்த ஆலை 1860களில் அணைந்து போயிற்று.

ஷெஃபீல்டில் ஹீத் மீண்டும் ஆராய்ச்சியில் இறங்கினார். மூசையில் மாங்கனீசும் கரியும் சேர்ந்த ஒரு பொருளைச் சிறிதளவு இட்டால், விலைமலிந்த ஆங்கில இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டார். அந்த எஃகு காய்ச்சி ஒட்டுவதற்கும் இசைந்தது. 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகின் விலை பெருமளவு இறங்கிற்று.

அதன் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அப்பொருளைத் தனியே செய்து வாங்க வேண்டியதில்லை. மாங்கனீசுத் தாதுவையும் கரிப் பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டாலே அவை உள்ளே கூடிக்கொள்ளும், செலவும் குறையும் என்று ஹீத்தே தம்மோடு தொழில் செய்தவர்களுக்கு நல்லெண்ணத்தோடு கற்பித்தார். அவருடைய முகவராக இருந்த ஒருவர் இதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். 'காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது கலந்த பொருள். நான் இடுவது கலவாத பொருள். ஆகவே உமக்கு நான் எதுவும் தரவேண்டியதில்லை' என்பது அவருடைய வாதம். ஷெஃபீல்டு முழுவதும் அந்த வழியையே பின்பற்றியது. ஹீத் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நீதிபதிகள் தமக்குள் வேறுபட்டனர். கையிலிருந்த பணமெல்லாம் வழக்கிலே கரைய, முடிவு தெரியாமலே அவர் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு வழங்கிற்று. அது ஹீத்தின் பக்கத்திற்கு எதிராகவே அமைந்தது.

பத்திரத்தில் எழுதியிருந்த சொற்களுக்குச் சட்டம் பொருள் கண்டது. ஆனால், 'இந்த மனிதன் கற்பித்ததனால்தானே நமக்கு இலாபம் வந்தது?' என்ற கேள்வி எந்த மன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை.

பெஸ்ஸமரின் காற்று

அதற்கு அடுத்த ஆண்டு, 1856 ஆகஸ்டில், செல்ட்டன்ஹாம் நகரில் கூடிய அறிவியல் அறிஞர் மாநாட்டில் ஹென்றி பெஸ்ஸமர் ஒரு கட்டுரை வாசித்தார். எரிபொருள் இல்லாமலே தேனிரும்பும் எஃகும் செய்வது எப்படி என்பது அதன் பொருள். தலைப்பைக் கேட்டே பலர் சிரித்தனர். விறகின்றிச் சோறு வடிப்பதாக ஒருவர் சொன்னால் நாமும் அப்படித்தான் சிரிப்போம்.

கிரிமியப் போர்க் காலத்தில் புதுவகைப் பீரங்கிக் குண்டொன்றை வடித்தவர் பெஸ்ஸமர். அதைத் தாங்கும் வலிமை வார்ப்பிரும்புப் பீரங்கிக்கு இல்லை என்று கண்டதே அவரை இரும்பின் பக்கம் திருப்பிற்று. உருகிய வார்ப்பிரும்பு நிறைந்த கலத்தின் அடியிலிருந்து காற்றை வேகமாக ஊதினார். காற்றுப் பட்டால் இரும்பு குளிர்ந்து உறையும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. ஆனால் நேர்ந்தது வேறு. காற்றிலுள்ள பிராணவாயு இரும்பிலுள்ள சிலிக்கானையும் கரியையும் எரித்தது. அந்த எரிதலே மேலும் மேலும் வெப்பத்தைத் தந்தது. கலத்தின் வாயிலிருந்து தீப்பிழம்பும் பொறியும் பெருமழையாய்ச் சொரிந்தன. கிளறுவோர் ஒரு நாளெல்லாம் பாடுபட்டாலும் செய்ய இயலாத அளவு உலோகம் இருபது நிமிடத்திற்குள் பதப்பட்டுவிட்டது.

கட்டுரை இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் வெளியாயிற்று. ஆலையதிபர்கள் ஓடிவந்தனர். சில வாரங்களுக்குள் 27,000 பவுன் அளவுக்கு உரிமங்கள் விற்றன. ஆனால் வாங்கிய ஆலைகளில் செய்து பார்த்தபோது கிடைத்த உலோகம் சம்மட்டி பட்டதும் சிதறியது. புகழ்ந்த வாய்களே இகழத் தொடங்கின. சோதனையின்போது பெஸ்ஸமருக்கு வாய்த்த இரும்பு பாஸ்பரஸ் குறைந்த வகை. மற்றவர்களுடையது பாஸ்பரஸ் நிறைந்த வகை. பாஸ்பரஸ் கலந்த எஃகு குளிர்ந்தபின் நொறுங்கும். அதை இந்த முறையால் வெளியேற்ற இயலவில்லை. அதோடு இன்னொரு குறையும் இருந்தது: காற்றை ஊதியபின் பிராணவாயு உலோகத்தினுள்ளேயே தங்கி அதைக் கெடுத்தது.

1858இல் சுவீடனில் யோரான்சன் என்பவர், பாஸ்பரஸ் இல்லாததும் இயல்பாகவே மாங்கனீசு கலந்ததுமான தம் நாட்டு இரும்பைக் கொண்டு இதே முறையில் நல்ல எஃகு எடுத்துக்காட்டினார். குறை முறையில் இல்லை, மூலப்பொருளில்தான் என்பது விளங்கிற்று. ஆனால் சுவீடனின் இரும்பு எல்லா நாடுகளுக்கும் கிடைப்பதன்று.

ஒரு மகளின் பயணம்

தங்கிய பிராணவாயுவைப் போக்கும் மருந்தைக் கண்டவர் இங்கிலாந்தின் டீன் வனப்பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மஷெட். இரும்புத் தொழிலில் ஊறிய குடும்பத்தில் பிறந்தவர். கரியை முற்றிலும் எரித்துவிட்டு, பின்னர் இரும்பும் மாங்கனீசும் கரியும் கலந்த ஒரு கட்டியை உருக்கி அளவாகச் சேர்த்தார். மாங்கனீசு பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு கசடாய் வெளியேறியது. வேண்டிய கரியும் வேண்டிய அளவில் உலோகத்திற்குத் திரும்பக் கிடைத்தது. ஹீத்தின் மூசையில் துணைநின்ற அதே மாங்கனீசு, பெஸ்ஸமரின் கலத்திற்கும் துணை வந்தது!

மஷெட்டின் எஃகினால் செய்த தண்டவாளம் ஒன்றை 1857இல் டர்பி நிலையத்தில் பதித்தனர். இரும்புத் தண்டவாளத்தை ஆறு மாதத்திற்கு ஒரு முறை, சில வேளை மூன்று மாதத்திற்கே, மாற்ற வேண்டியிருந்த இடம் அது. எஃகுத் தண்டவாளமோ 1873 வரை பதினாறு ஆண்டுகள் உழைத்தது.

மஷெட் 1856இல் காப்புரிமை பெற்றிருந்தார். மூன்றாண்டு முடிவில் 50 பவுன் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த உரிமையை நிருவகித்து வந்தவர்கள் 1859இல் அதைச் செலுத்தத் தவறினர், உரிமை காலாவதியாயிற்று. அன்று முதல் உலகெங்கும் அவருடைய கண்டுபிடிப்பை எவரும் காசின்றிக் கையாளலாம் என்றாயிற்று. பெஸ்ஸமர் உரிமைத்தொகையாக வாழ்நாளில் பத்து லட்சம் பவுனுக்கு மேல் ஈட்டினார். மஷெட்டோ நோயிலும் வறுமையிலும் வாடினார்.

1866இல் மஷெட்டின் மகள் மேரி, பதினாறு வயதுப் பெண், தனியே புகைவண்டியேறி இலண்டன் சென்றாள். பெஸ்ஸமரின் அலுவலகத்திற்குப் போய், 'உங்கள் செல்வம் என் தந்தையின் கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது' என்னும் கருத்தை நேருக்கு நேர் எடுத்துரைத்தாள். சட்டப்படி தாம் எதுவும் தரவேண்டியதில்லை என்பது பெஸ்ஸமருக்கு நன்கு தெரியும். அந்த நிலையை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆயினும் மஷெட்டுக்கு ஆண்டுதோறும் 300 பவுன் வழங்க ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைத் தவறாமல் வழங்கினார். 1876இல் ஆங்கில இரும்பு எஃகுக் கழகம் பெஸ்ஸமரின் பெயரால் அமைந்த தங்கப் பதக்கத்தை மஷெட்டுக்கே அளித்தது.

இலட்சத்தில் ஈட்டியவருக்கு 300 பவுன் பெரிதன்று என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஷெஃபீல்டார் ஹீத்துக்குச் செய்ததையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மன்றம் விதிக்காத கடனை ஒருவர் தம் கையால் கொடுத்தார். அதைக் கேட்கும் துணிவு ஒரு சிறு பெண்ணுக்கு இருந்தது.

எழுத்தரின் இரவுகள்

பாஸ்பரஸ் மட்டும் இன்னும் அசையாமல் இருந்தது. பிரிட்டனின் கிளீவ்லாந்துத் தாது, ஐரோப்பாவின் லொரேன் தாது எனப் பெரும்பகுதி இரும்புத் தாதுக்களில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் அவை எஃகுக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. பெரும் வேதியியலாரும் ஆலைப் பொறியாளரும் இருபது ஆண்டுகள் முயன்றும் வழி கிட்டவில்லை.

இலண்டனில் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்று ஓர் இளைஞர். 1850இல் பிறந்தவர். தந்தை இறந்துவிடவே மேற்படிப்பைக் கைவிட்டு, பதினேழு வயதில் காவல் நீதிமன்றத்தில் எழுத்தரானார். பகலெல்லாம் குடிகாரர், சில்லறைத் திருடர் ஆகியோரின் வழக்குகளைப் பதிவதே வேலை. மாலையில் தொழிலாளருக்கான பர்க்பெக் கல்விக்கூடத்தில் வேதியியல் படித்தார். பெஸ்ஸமர் முறையில் பாஸ்பரஸை நீக்குபவன் பெருஞ்செல்வன் ஆவான் என்று ஆசிரியர் ஒருநாள் வகுப்பில் கூறியது அவர் நெஞ்சில் தைத்தது. அலுவல் முடிந்த இரவுகளில் வீட்டிலேயே சோதனைகள் செய்தார்.

அவர் கண்ட உண்மை நம் இல்லத்தரசியருக்கு எளிதில் விளங்கும். வயிற்றில் புளிப்பு மிகுந்தால் சுண்ணாம்புத் தெளிவு நீர் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. புளிப்பைக் காரம் கட்டும். எரிந்த பாஸ்பரஸ் அமிலத் தன்மை, அதாவது புளிப்புத் தன்மை உடையது. பெஸ்ஸமர் கலத்தின் உட்பூச்சோ மணற்கல்லால் ஆனது. அதுவும் அமிலத் தன்மையே. அமிலத்திற்கு அமிலத்தில் இடம் கிடைக்காது. ஆகவே பாஸ்பரஸ் மீண்டும் இரும்புக்குள்ளேயே புகுந்தது. உட்பூச்சைச் சுண்ணாம்பு வகைக் கல்லால் அமைத்து, கலத்திற்குள்ளும் சுண்ணாம்பு இட்டால் பாஸ்பரஸ் அதோடு கூடிக் கசடாகி விலகும். இதுவே தாமஸின் முடிவு.

வேல்சில் ஓர் இரும்பாலையில் வேதியியலாராக இருந்த அவருடைய உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட் சோதனைகளுக்குக் கைகொடுத்தார். கிடைத்த விடுமுறை நாள்களிலெல்லாம் தாமஸ் வேல்சுக்கு ஓடினார். 1878 மார்ச்சில், இரும்பு எஃகுக் கழகக் கூட்டத்தில் எழுந்து, பாஸ்பரஸை நீக்குவதில் தாம் வெற்றி கண்டதாக அமைதியாகச் சொன்னார். நீதிமன்ற எழுத்தரின் சொல்லை அங்கே பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் 1879 ஏப்ரல் 4ஆம் நாள், மிடில்ஸ்பரோ நகரின் பேராலை ஒன்றில் பலர் காண அந்த முறை வெற்றி பெற்றது. சில நாள்களுக்குள் ஜெர்மானியரும் பெல்ஜியரும் பிரெஞ்சுக்காரரும் அந்நகரை மொய்த்தனர்.

ஹீத்தைப் போலவோ மஷெட்டைப் போலவோ தாமஸ் ஏமாறவில்லை. நீதிமன்றத்தில் வளர்ந்தவர் அல்லவா? தம் உரிமைகளைக் கவனமாகப் பதிவு செய்திருந்தார். ஆனால் தமக்கு உரியதைக் காத்தவர் பிறர்க்கு உரியதை மறுக்கவில்லை. சுண்ணாம்பு உட்பூச்சைப் பற்றி 1872இலேயே சினலஸ் என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டு, அதைத் தொடராமல் விட்டிருந்தார். அவரோடு தாமஸ் உடன்பாடு செய்துகொண்டார். 1883இல் பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

செல்வம் வந்தபோது உடல்நலம் போய்விட்டது. பகல் அலுவலும் இரவுச் சோதனையும் நுரையீரலை அரித்திருந்தன. 1885 பிப்ரவரி முதல் நாள் பாரிசில் தாமஸ் காலமானார். வயது 34. தம் குடும்பத்தாருக்கு வேண்டியதுபோக, எஞ்சிய செல்வம் உழைக்கும் மக்களின் நன்மைக்கே செலவாக வேண்டும் என்று அதைத் தம் சகோதரியிடம் ஒப்படைத்தார். எஃகினால் வந்த பணம் யாருடைய வியர்வையால் வந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

அவர் ஒதுக்கிய கசடின் கதையும் சுவையானது. பாஸ்பரஸ் நிறைந்த அந்தக் கசடை மாவாக அரைத்து வயலில் தூவினால் பயிர் செழித்தது. ஜெர்மனியில் அதைத் 'தாமஸ் மாவு' என்றே விற்றனர். எஃகுக்கு நஞ்சாயிருந்தது மண்ணுக்கு உணவாயிற்று.

எழுதப்படாத பற்றுக் கணக்கு

இவ்வாறு நூற்றாண்டின் இறுதியில் எஃகு எங்கும் பரவியது. டன்னுக்கு 40 பவுன் விற்ற பொருள் 6, 7 பவுனுக்கு இறங்கியது. இதற்கிடையில் சீமென்ஸ் குடும்பத்தினரும் பிரான்சின் பியேர் மார்த்தேனும் வகுத்த திறந்த உலை முறையும் வளர்ந்து, தாமஸின் சுண்ணாம்பு வழியை ஏற்றுக்கொண்டது. ஒதுக்கப்பட்டுக் கிடந்த லொரேன் தாது உயிர்பெற்றது. அதைக் கொண்டு ஜெர்மனி 1893இல் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்தியது. அந்த எஃகு பாலமும் ஆயிற்று, பீரங்கியும் ஆயிற்று. 1914இல் தொடங்கிய பெரும் போரை நடத்தியதும் அதுவே.

மலிவு என்ற சொல்லை நாம் மகிழ்ச்சியோடு கேட்கிறோம். ஆனால் மலிவின் விலையை யாரோ ஒருவர் கொடுத்தே இருப்பார். கிளறுவோரின் தொழில் சிறுகச் சிறுக அழிந்தது. கடல் கடந்து வந்த மலிவான இரும்பும், காடுகளுக்கு வந்த கட்டுப்பாடும் சேலத்துக் கொல்லர்களின் உலைகளை அணைத்தன. அமெரிக்காவில், தாமஸின் காப்புரிமையை அந்நாட்டுக்கு வாங்கித் தந்த ஆன்ட்ரூ கார்னெகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில், 1892 ஜூலை 6ஆம் நாள் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளருக்கும், ஆலை வரவழைத்த தனியார் காவற்படைக்கும் மோதல் மூண்டு இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. அமெரிக்க எஃகாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை 1923 வரை நீங்கவில்லை.

அன்பர்களே, இந்த வரலாறு நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. சட்டப்படி தரவேண்டியது ஒன்று. நீதிப்படி தரவேண்டியது மற்றொன்று. முன்னதைத் தந்துவிட்டால் பின்னதும் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது நம் எல்லோருக்கும் எளிது. நம் பட்டறையில் வேலை கற்றுக்கொடுத்த மூத்த தொழிலாளிக்குப் பேசிய கூலி கொடுத்துவிட்டோம். அவர் கற்பித்த நுட்பத்தால் வந்த இலாபத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்று கேட்டதுண்டா? குடும்பத் தொழிலைத் தோள்கொடுத்து நிமிர்த்திய தம்பிக்குப் பத்திரத்தில் பெயர் இல்லை. பாகப் பிரிவினையின்போது பத்திரத்தை மட்டுமா பார்ப்போம்? நம் பிள்ளையின் தேர்ச்சியைக் கொண்டாடுகிறோம். மாலை நேரத்தில் கூலி வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த அடுத்த வீட்டு அண்ணனை நினைத்தோமா?

கேட்க வேண்டியவர்களும் கூச்சத்தால் வாய் திறவாமல் இருந்துவிடுகின்றனர். மேரி மஷெட் சண்டையிடவில்லை, இரக்கவும் இல்லை. உண்மையை எடுத்துச் சொன்னாள், அவ்வளவே. நியாயமான கேள்வியைப் பணிவோடும் துணிவோடும் கேட்க நம் பெண்மக்களைப் பழக்குவோம். அப்படி ஒருவர் நம் வாசலுக்கு வந்து கேட்கும்போது, பத்திரத்தைத் தேடுமுன் நம் மனத்தைச் சற்றே தேடிப் பார்ப்போம். அவர் வந்து கேட்குமுன்னே நாமே எழுந்து சென்று கொடுப்போமானால் இன்னும் நன்று.